மூளை ரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கு பலூனும் ஸ்டென்டும்: யாருக்கு, எப்போது, எப்படி?

இதயத்தில் அடைப்பு என்றால் ஆஞ்சியோ, அப்புறம் ஸ்டென்ட். இந்த வரிசை நம் வீடுகளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதனால் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மூளை ரத்தக்குழாயில் 80 சதவீதச் சுருக்கம்’ என்று இருந்தால், குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “எப்போ ஸ்டென்ட் வைப்பீங்க டாக்டர்?” என்பதுதான். இப்போதைக்கு மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று பயந்து வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

மண்டை ஓட்டுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களுக்கு அந்த வரிசை பொருந்தாது. இங்கே மருந்துதான் முதல் சிகிச்சை. மருந்தை ஒழுங்காக எடுத்தும் பக்கவாதம் திரும்ப வருகிற சிலருக்குத்தான் பலூனும் ஸ்டென்டும். அந்தச் சிலரில் உங்கள் வீட்டு நோயாளி ஒருவரா என்று கண்டுபிடிப்பதில் தொடங்கி, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதுவரை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

1. எந்தக் குழாய் என்று கேளுங்கள்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்து வழியாக மேலே ஏறுகின்றன. கழுத்தில் இருக்கும் கரோட்டிட் குழாயில் அடைப்பு என்றால் அது வேறு கதை. அந்தக் குழாய் பெரியது. அறுவை சிகிச்சையாகவோ ஸ்டென்டாகவோ சரிசெய்யும் முறைகள் நன்றாக நிலைபெற்றவை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. மண்டை ஓட்டுக்குள் நுழைந்த பிறகு வரும் சுருக்கத்தைப் பற்றியது. ரிப்போர்ட்டில் எம்.சி.ஏ., பேசிலார், வெர்டிப்ரல், இன்ட்ராக்ரேனியல் ஐ.சி.ஏ. என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். எம்.சி.ஏ. என்பது மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்கு ரத்தம் தரும் குழாய். பேசிலார், மூளைத்தண்டுக்கு முன்னால் ஏறும் குழாய். வெர்டிப்ரல், கழுத்தின் பின்பக்கமாக ஏறி பேசிலாரில் சேரும் குழாய். இன்ட்ராக்ரேனியல் ஐ.சி.ஏ. என்பது கரோட்டிட் குழாயின் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் பகுதி. ஆசியர்களிடம் மண்டை ஓட்டுக்குள் வரும் சுருக்கம் ஐரோப்பியர்களைவிட அதிகம், ஆகவே நமக்கு இது அரிய நோய் அல்ல.

இந்தக் குழாய்களின் குறுக்களவு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். இதயக் குழாய்களும் ஏறக்குறைய இதே அளவுதானே என்று தோன்றும். ஆனால் இதயக் குழாயைச் சுற்றித் தசையும் கொழுப்பும் தாங்கலாக இருக்கின்றன. மூளைக் குழாய் திரவத்துக்குள் மிதக்கிறது, அதன் வெளிச்சுவரும் மெல்லியது. பலூன் விரியும்போது கிழிந்தால் ரத்தம் நேராக மூளையைச் சுற்றிப் பரவும். இன்னொரு விஷயம், இந்தக் குழாய்களிலிருந்து முடி போன்ற நுண்கிளைகள் கிளம்பி மூளையின் ஆழமான பகுதிகளுக்குப் போகின்றன. எம்.சி.ஏ.யின் கிளைகள் கை கால் அசைவுக்கான நரம்புப் பாதைக்கும், பேசிலாரின் கிளைகள் மூளைத்தண்டுக்கும் ரத்தம் தருகின்றன. ஸ்டென்டை விரிக்கும்போது கொழுப்புப் படிவு ஓரம் தள்ளப்பட்டு இந்தக் கிளைகளின் வாயை மூடிவிடலாம். பெரிய குழாய் படத்தில் அழகாகத் திறந்திருக்கும், நோயாளியின் ஒரு பக்கம் விழுந்திருக்கும். இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்துகளில் ஒன்று இது.

2. சுருக்கம் எதனால் வந்தது?

பெரும்பாலும் கொழுப்புப் படிவு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்த வேலை. ஆனால் எல்லாச் சுருக்கமும் கொழுப்பு அல்ல. காசநோய் மூளைச்சவ்வில் வந்தாலும் குழாய்கள் சுருங்கும். அங்கே காசநோய் மருந்துதான் தேவை. குழாய்ச்சுவரில் அழற்சி இருக்கலாம், சுவர் உள்ளுக்குள் கிழிந்திருக்கலாம். மோயாமோயா என்ற நோயில் இரண்டு பக்கமும் குழாய்கள் மெல்ல மூடிக்கொண்டே வரும். அதற்கு மண்டைக்கு வெளியே உள்ள குழாயை இணைத்துவிடும் பைபாஸ் அறுவை சிகிச்சைதான் வழி. நோயாளி 40 வயதுக்குக் கீழே, சர்க்கரையோ அழுத்தமோ புகைப் பழக்கமோ இல்லை என்றால், “இது கொழுப்புதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கண்டிப்பாகக் கேளுங்கள். குழாய்ச்சுவரையே பார்க்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. அதற்கு உதவும்.

3. சதவீதத்தைச் சரிபாருங்கள்

சுருங்கிய இடத்தின் அகலத்தை, அதே குழாயின் நல்ல இடத்து அகலத்தோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் சொல்கிறார்கள். நல்ல இடம் 3 மில்லிமீட்டர், சுருங்கிய இடம் 0.6 மில்லிமீட்டர் என்றால் சுருக்கம் 80 சதவீதம். அதே இடம் 1.2 மில்லிமீட்டர் என்றால் 60. அரை மில்லிமீட்டர் அளவு பிசகினால் சிகிச்சையே மாறிப்போகும், ஏனென்றால் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஸ்டென்ட் பேச்சே எழும்.

சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோவில் ரத்த ஓட்டம் தாறுமாறாக இருக்கும் இடத்தில் சமிக்ஞை மறைந்துவிடும்; அதனால் சுருக்கம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். சி.டி. ஆஞ்சியோ இன்னும் நம்பகமானது. முடிவான அளவீடு குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் டி.எஸ்.ஏ. படம்தான். எம்.ஆர்.ஐ. ஒன்றை மட்டும் வைத்து யாராவது ஸ்டென்டுக்குத் தேதி குறித்தால், சற்று நிறுத்தி இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

4. பக்கவாதம் எந்த வழியில் வந்தது?

சதவீதத்தைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. சுருக்கம் மூன்று வழிகளில் தொல்லை தரும். முதல் வழி, படிவின் மேல் உறையும் ரத்தத்துணுக்கு உடைந்து கீழே போய் அடைப்பது. இதற்கு மருந்து நன்றாகக் கேட்கும். இரண்டாவது, படிவு நுண்கிளையின் வாயை மூடுவது. இங்கே ஸ்டென்ட் வைத்தால் மிச்சமிருக்கும் கிளைகளும் மூடும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் பயன் இல்லை. மூன்றாவது, சுருக்கத்துக்கு அந்தப் பக்கம் ரத்தம் போதாமல் போவது. இப்படிப்பட்டவர்களுக்கு, எழுந்து நின்றதும் அல்லது அழுத்த மாத்திரை அதிகமானதும் கை தளர்வது, பேச்சுக் குழறுவது, படுத்தால் சரியாவது போன்ற அறிகுறி இருக்கும். மூளைக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனில் அந்தப் பகுதிக்கு ரத்தம் தாமதமாக வருவது தெரியும். குழாயைத் திறப்பதால் பலன் கிடைக்க வாய்ப்புள்ளவர்கள் இவர்கள்தான். அறிகுறி எப்போது வந்தது, நிற்கும்போதா, உட்காரும்போதா, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேன் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

5. ஆய்வுகள் சொன்னது என்ன?

மூளைக்குள் பலூன் போடும் முயற்சி புதிதல்ல. 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேசிலார் குழாய்ச் சுருக்கத்தைப் பலூனால் விரித்ததாகப் பதிவு உண்டு. 2005-இல் மூளைக் குழாய்க்கென்றே வடிவமைத்த விங்ஸ்பேன் என்ற ஸ்டென்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறிப்பிட்ட நோயாளிகளுக்கு மட்டும் அனுமதி தந்தது. பெரிய நம்பிக்கை இருந்தது.

அதைச் சோதித்த சாம்ப்ரிஸ் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. 70 முதல் 99 சதவீதச் சுருக்கமும் அண்மையில் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்திருந்த 451 பேர். ஒரு பாதிக்குத் தீவிர மருந்துச் சிகிச்சை; மறு பாதிக்கு அதே மருந்தோடு ஸ்டென்ட். முதல் 30 நாளில் பக்கவாதம் அல்லது மரணம், ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மருந்துப் பிரிவில் 5.8 சதவீதம். ஆய்வில் புதிதாக ஆள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்தினார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. பலூனால் விரியும் வேறு வகை ஸ்டென்டை வைத்துச் செய்த விஸ்ஸிட் ஆய்வும் 2015-இல் இதே திசையைக் காட்டியது.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. யாருக்கு வைப்பது, எப்போது வைப்பது, யார் வைப்பது என்பதை இறுக்கினால் ஆபத்து குறைகிறது. மருந்து எடுத்தும் மறுபடி பக்கவாதம் வந்தவர்களுக்கு மட்டும், கடைசிப் பக்கவாதம் வந்து ஒரு வாரம் தாண்டிய பிறகு, அனுபவசாலிகள் வைத்தபோது வீவ் ஆய்வில் 152 பேரில் 2.6 சதவீதத்தினருக்கே 72 மணி நேரத்துக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஆனால் ஒப்பிட மருந்துப் பிரிவு அதில் இல்லை. மூன்று வாரம் பொறுத்து ஸ்டென்ட் வைத்த சீனாவின் காசிஸ் ஆய்வில் (2022) ஸ்டென்டும் மருந்தும் கிட்டத்தட்டச் சமம்: ஓராண்டுக்குள் ஆய்வு எண்ணிய பக்கவாதமும் மரணமும் ஸ்டென்ட் பிரிவில் 8.0 சதவீதம், மருந்துப் பிரிவில் 7.2 சதவீதம். ஆபத்து குறைந்தது உண்மை, மருந்தைவிட மேலான பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

2024-இல் வந்த பேசிஸ் ஆய்வு வேறு வழியைக் காட்டியது. இதுவும் சீனாவில்தான். ஸ்டென்டே வைக்காமல், குழாயின் அளவைவிடச் சிறிய பலூனை எடுத்து மெதுவாக விரித்தார்கள். முழுசாகத் திறப்பது நோக்கமில்லை, ரத்தம் போகும் அளவுக்கு வழி கிடைத்தால் போதும். ஓராண்டுக்குள் ஆய்வு எண்ணிய பக்கவாதம், மரணம், குழாயை மறுபடி திறக்க வேண்டி வருவது ஆகியவை பலூன் பிரிவில் 4.4 சதவீதம், மருந்துப் பிரிவில் 13.5 சதவீதம். ஆனால் முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ பலூன் பிரிவில் 3.2, மருந்துப் பிரிவில் 1.6. அதாவது ஆபத்து முதல் மாதத்திலும், பலன் அதற்குப் பிறகும் வருகிறது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. இருந்தாலும், நல்ல மருந்துச் சிகிச்சை இல்லாமல் இந்தப் பலூன் மட்டும் போட்டு யாரையும் அந்த ஆய்வில் பார்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு. திடீரென்று குழாய் முழுக்க அடைத்து, அவசரமாக உறைகட்டியை எடுக்கும்போது உள்ளே சுருக்கம் இருப்பது தெரிந்து, மறுபடி மறுபடி மூடிக்கொண்டால், அங்கேயே ஸ்டென்ட் வைக்க வேண்டி வரலாம். அது உயிர் காக்கும் முடிவு. அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

6. மருந்துச் சிகிச்சை என்றால் என்ன?

‘மாத்திரை மட்டும்தானா’ என்று இதைக் குறைத்துப் பேசக் கூடாது. சாம்ப்ரிஸில் மருந்துப் பிரிவுக்குக் கொடுத்தது இது: தினம் ஆஸ்பிரின், முதல் 90 நாள் அதோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம், மேல் அழுத்தம் 140-க்குக் கீழே (சர்க்கரை உள்ளவர்களுக்கு 130), எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, புகையை விட உதவி, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு. இந்த எண்களைத் தொட்டவர்களைப் பற்றித்தான் ‘மருந்து எடுத்தும் பலன் இல்லை’ என்று பேச முடியும். எல்.டி.எல். 130-இல் நிற்கிறது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை இரண்டு வாரத்தில் தானே நிறுத்திவிட்டார், பீடியும் தொடர்கிறது என்றால் மருந்து தோற்கவில்லை, மருந்து இன்னும் தொடங்கவே இல்லை.

7. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இந்த மருத்துவமனையில் மூளைக்குள் இருக்கும் குழாய்க்கு ஸ்டென்ட் இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? ஸ்டென்ட் வேண்டுமா, சிறிய பலூன் போதுமா, ஏன்? சுருக்கம் இருக்கும் இடத்திலிருந்து நுண்கிளைகள் கிளம்புகின்றனவா? இன்னும் சில வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? நரம்பியல் நிபுணரும் இதற்கு ஒத்துக்கொள்கிறாரா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இதய ஸ்டென்டில் பெயர் பெற்றவர் என்பது மட்டும் போதாது. இது நியூரோ இன்டர்வென்ஷன், அதாவது மூளை ரத்தக்குழாய்களுக்குள் குழாய் வழியாகச் சிகிச்சை செய்வது, படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. காப்பீட்டுக் கவுன்டரில், அனுமதித்த தொகைக்குள் ஸ்டென்ட், பலூன், வயர், ஐ.சி.யு. எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. முன் ஏற்பாடு

ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சில நாள் முன்பே தொடங்கும், அல்லது அதிக அளவில் ஒரே தடவை கொடுப்பார்கள். க்ளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதை மாற்றித் தர வேண்டும். ஆசியர்களில் கணிசமானவர்களுக்கு மரபணு காரணமாக அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. ஆகவே மருந்து பிடிக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பிடிக்காவிட்டால் டிகாக்ரிலார் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் வாங்கிப் போடும் ஓமெப்ரசோல், க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பான்டோப்ரசோலுக்கு மாற்றித் தருவார்கள்.

சிறுநீரகப் பரிசோதனை, ரத்த எண்ணிக்கை, இ.சி.ஜி. வழக்கம்போல. சாயம் செலுத்துவதால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லுங்கள். சிகிச்சை நாள் காலையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. வெறும் வயிறு என்றாலும் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்வார்கள்.

9. கேத் லேபில் (ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையில்) நடப்பது

பெரும்பாலும் முழு மயக்கம்தான். நோயாளி இருமினாலோ தலையை அசைத்தாலோ ஆபத்து. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக ஒரு குழாயைக் கழுத்துவரை கொண்டுபோவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு ரத்தம் உறையும் நேரத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். அப்புறம் 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள வயரைச் சுருங்கிய இடத்தைத் தாண்டி அனுப்ப வேண்டும். திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும் அந்த வயரின் நுனி, இதயம் துடிக்கும்போதெல்லாம் லேசாக ஆடும். ஒருவர் பலூனை நகர்த்தும்போது இன்னொருவர் கண் அந்த நுனியை விட்டு அகலக் கூடாது. அது முன்னே பாய்ந்து சிறு கிளையைக் குத்தினால் மூளைக்குள் ரத்தக்கசிவு.

பலூன், குழாயின் நல்ல அளவைவிடச் சிறியதாகத் தேர்ந்தெடுக்கப்படும். அழுத்தத்தைப் படிப்படியாக, நிதானமாக ஏற்றுவார்கள். பலூனின் நடுவில் முதலில் ஓர் இடுப்பு போலச் சுருங்கித் தெரியும். அந்த இடுப்பு மெல்ல விரியும். பிறகு பலூனைச் சுருக்கி எடுத்துவிட்டுச் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். பலூனோடு நிறுத்தலாம். உட்சுவர் கிழிந்தாலோ, திரும்பச் சுருங்கினாலோ ஸ்டென்ட் வைப்பார்கள். விங்ஸ்பேன் போன்றவை நிட்டினால் என்ற உலோகத்தில் செய்தவை. உறையை விலக்கியதும் தானாக விரியும். மிச்சமாக 20, 30 சதவீதச் சுருக்கம் இருந்தால் அதை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம். ‘முழுசாகத் திறக்கவில்லையே’ என்று வருத்தப்பட வேண்டாம்.

10. முதல் நாள்

ஐ.சி.யு.வில் நர்ஸ் அடிக்கடி வந்து கையை அழுத்தச் சொல்வார், பெயரைக் கேட்பார், கண்ணில் வெளிச்சம் அடிப்பார். தூங்க விடவில்லையே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்தச் சோதனைதான் பாதுகாப்பு. நீண்ட நாள் ரத்தம் குறைவாகப் பெற்ற மூளைப்பகுதிக்குத் திடீரென்று நிறைய ரத்தம் போனால் வீக்கமும் கசிவும் வரலாம். அதனால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு, புதிதாகக் கை கால் தளர்ச்சி எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும். தொடை வழியாகச் செய்திருந்தால் அந்தக் காலைச் சில மணி நேரம் மடக்கக் கூடாது.

11. வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் (அல்லது அதற்கு மாற்றாகத் தந்தது) இரண்டு மாத்திரையும் குறைந்தது 3 மாதம். பல டாக்டர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 6 மாதம்வரை நீட்டுவார்கள். பிறகு ஒன்று மட்டும் தொடரும். ஸ்டேட்டினும் அழுத்த மாத்திரையும் நிற்காது. பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தக்கசிவும் கூடும், ஆஸ்பிரினின் வேலையும் கெடும். கறுப்பாக மலம் போனால் அன்றே காட்டுங்கள்.

அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து நோட்டில் எழுதுங்கள், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்ந்த பிறகு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

3 முதல் 6 மாதத்துக்குள் மறுபடி படம் எடுப்பார்கள். எம்.ஆர். ஆஞ்சியோவில் உலோகத்தால் ஸ்டென்டின் உட்பகுதி சரியாகத் தெரியாது, சி.டி. ஆஞ்சியோவோ டி.எஸ்.ஏ.வோ தேவைப்படும். ஸ்டென்டுக்குள் மீண்டும் சுருங்குவது நடக்கக்கூடியதுதான். மருந்து பூசாத ஸ்டென்டையும் மருந்து பூசிய ஸ்டென்டையும் ஒப்பிட்ட நோவா ஆய்வில் (2022), ஓராண்டில் மறு சுருக்கம் 30.2 சதவீதம், 9.5 சதவீதம் என்று இருந்தது. மறு சுருக்கம் வந்தும் அறிகுறி இல்லாதவர்கள் பலர். படத்தை மட்டும் பார்த்து இன்னொரு பலூனுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் எந்த ஸ்டென்ட் என்று எழுதி மருத்துவமனை தரும் ஸ்டென்ட் அட்டையைக் காட்டிய பிறகு.

அந்த அட்டையின் நகல் ஒன்று நோயாளியின் பர்ஸிலும், புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கும் எல்லோர் போனிலும் இருக்கட்டும். முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென்று தள்ளாடினாலோ, எல்லாம் இரட்டையாகத் தெரிந்தாலோ, தானாகச் சரியாகிவிட்டாலும்கூட 108-ஐ அழையுங்கள். ரத்த உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, ஸ்டென்ட் வைத்த தேதி, இன்று போட்ட மாத்திரைகள். இந்த மூன்றையும் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள்.